பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு கையெழுத்து

என் உயிரான அக்காவுக்கு,

நேற்றோடு நீ போய் முப்பத்தொரு நாள். படையலில் உனக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் வைத்தேன். உறைப்புப் போதாது என்று திட்ட நீ இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் லுணுகலை டவுனுக்குச் சாமான் வாங்கப் போனேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி, "தொரை கையில புள்ளையக் குடுத்த ஆயாவோட தங்கச்சியா நீங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்று சொல்லும்போது என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. பிறகு சுருக்கென்றது. அந்தப் பெருமையில் பங்கு கேட்க எனக்கு என்ன உரிமை?

கம்பெனி போய், நம் தேயிலைத் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த வருஷம் அது. தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரைக்குச் சின்ன வயது. எதைத் தொட்டாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம். பழைய துரை விட்டுப்போன ஒப்படைப்புப் பட்டியலில் பிள்ளைக் காம்பராவின் கட்டடம் இருந்தது, கோப்பைகள் இருந்தன, பால் காய்ச்சும் பானை இருந்தது. ஆனால் அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அதில் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

"உத்தரவு வராம நான் ஒண்ணும் செய்ய ஏலாது. சாமானை ஒப்படைச்சுட்டு சாவியக் குடுங்க" என்றார் துரை. கங்காணி, "எனக்குத் தெரியாது" என்றார். சங்கத் தலைவர் மேலே எழுதிக் கேட்கிறேன் என்று நழுவினார். ஆளாளுக்குக் கைகழுவி விட்டார்கள். காம்பராவை மூடினால் கைப்பிள்ளையை லயத்து வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு மலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுப் பட்டினி கிடக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "விட்டுத் தொல அக்கா. பெத்தவளுகளே வாயத் தொறக்கல, ஒனக்கு எதுக்கு இந்த மல்லுக்கட்டு?" நீ தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாய்.

காம்பரா வாசலில் மேசை போட்டுத் துரை உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கிளாக்கர் ஐயா பட்டியலை வாசிக்க வாசிக்க நீ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாய். கோப்பை பன்னிரண்டு. பானை ஒன்று. சாக்கு ஆறு. எல்லாம் சரி, கைநாட்டு வை என்றார்கள்.

"இருங்கய்யா, இன்னும் முடியல" என்று உள்ளே போனாய். முதல் பிள்ளையைத் தூக்கிவந்து கோப்பைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாய். "இது மாரியாயி மகன். ரெண்டு தடவ பால் கேக்கும்." அடுத்தது. "இது காளியம்மா மக. சளி கட்டியிருக்கு, தலைக்குத் தண்ணி ஊத்திராதீங்க." நாங்கள் பயந்து வேலியோரம் நின்றோம். பத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து துரையையே பார்த்தன.

கடைசியாக, பிறந்து நாற்பது நாளான ராசாத்தி. அவளை நீ கீழே வைக்கவில்லை, நீட்டினாய். துரையும் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

"தலையப் பிடிங்க தொரை! கழுத்து இன்னும் நிக்கல."

அவர் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். நீ சொன்னாய்: "கோப்பைக்கு என்கிட்டக் கைநாட்டு கேக்குறீங்க. பதினொரு புள்ளைகள நான் ஒப்படைச்சுட்டேன். வாங்கிக்கிட்டேன்னு நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் போறேன்."

அவர் போடவில்லை. ராசாத்தியை உன்னிடம் தருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "நாளைக்கும் தொறங்க ஆயா. உத்தரவு நான் வாங்குறேன்" என்றார். சொன்னபடி வாங்கினார், பாவம், நல்ல மனுஷன். பால்மா வந்துசேர மூன்று வாரமானது. அதுவரை நம் ஆட்டுப்பாலைத்தானே காய்ச்சி ஊற்றினாய்?

அந்த ராசாத்தி இப்போது இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். உன் கொள்ளியன்று கோடி போட வந்த அம்மாக்களின் வரிசை லயத்தைச் சுற்றி நின்றது. உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்று உயிரோடிருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லாமல் போனேன்?

இன்று காலை பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் மலைக்குப் போனதும் கிளாக்கர் ஐயா சாவியோடு வந்தார். உன் இடத்துக்கு நான்தான். கோப்பை, பானை என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். "மொதல்ல புள்ளைங்க எத்தனைன்னு எழுதுங்கய்யா" என்றேன். என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து, மேல்வரியில் 'பிள்ளைகள் பதினான்கு' என்று எழுதினார். அதன் கீழே என் பெயரைப் போட்டேன்.

காலையில் வாங்கிய பதினான்கையும் சாயங்காலம் அம்மாக்களின் கையில் கொடுக்காமல் நான் வீட்டுக்குப் போகமாட்டேன் அக்கா. இது உன்மேல் சத்தியம்.

விட்டுத் தொலை என்று சொன்ன
உன் தங்கச்சி,
பாக்கியம்