கொப்பளிக்கிற செயின்சா

ஜூலை 6

காற்று ஓய்ந்துவிட்டது. வாசலில் நின்ற மரம் இப்போது வாசலில் படுத்திருக்கிறது. வீட்டுப் படியிலிருந்து கேட் வரைக்கும் இரண்டு மதிலுக்கு நடுவே ஒரே ஒரு நடைபாதை. இடம் பார்த்துப் போட்ட மாதிரி அதன் குறுக்கே விழுந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்குச் சந்தோஷப்படவா, இதற்குத் தலையில் அடித்துக்கொள்ளவா?

நானும் நாத்தனாரும் ஏறிக் குதித்துப் போய்விடலாம். என் வீட்டுக்காரரால் முடியாது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நிற்கிறார். டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: "இந்த மாசம் பயிற்சிக்கு வந்து மடக்கணும். விட்டா அப்புறம் கால் மடங்காது." ஆஸ்பத்திரி வேன் காலையில் வந்தது, ஹாரன் அடித்தது, திரும்பிப் போனது.

ஜூலை 7

மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டேன். ஊரில் பாதி மரம் சாய்ந்து கிடக்கிறதாம். "மூணு வாரம் ஆகும்க்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார். கோவித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஆட்கள், நாற்காலியோடு தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறோம் என்று வந்து நின்றார்கள். நல்ல மனசு. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உசுரோட இருக்கும்போதே என்னை நாலு பேர் தூக்க வேணாம்." வாய்க்கு மட்டும் எந்த ஆபரேஷனும் தேவைப்படாது இந்த மனுஷனுக்கு.

ஜூலை 8

போன வருஷம் அவர் ஆன்லைனில் வாங்கிய பச்சைக் கலர் செயின்சாவை, அதுதான் மரம் அறுக்கிற மெஷினை, பரணிலிருந்து இறக்கினோம். மலிவு விலை, பேர் தெரியாத கம்பெனி. "பொம்மை" என்றுதான் நான் சொல்வேன். கிளைகளையெல்லாம் மளமளவென்று அறுத்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அடிமரத்தில் வைத்ததும் நாலு விரல் ஆழம் போய் மூச்சு முட்டி நின்றுவிட்டது. செயினைத் தீட்டிப் பார்த்தோம். அதே கதை.

அறுத்தது நாத்தனார். அவருடைய தங்கை. செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை. அதனால் அண்ணன் வைத்த பெயர் பல்லு. அண்ணனைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்திருக்கிறாள். வரும்போதே பயந்தேன், ஓயாமல் பேசுவாள், ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள் என்று. இரண்டும் உண்மை.

"இதுல பலம் இல்லாம இல்ல அண்ணி. மூக்கை அடைச்சு வச்சிருக்கானுங்க. என்கிட்ட குடுங்க, நான் யாருன்னு காட்டுறேன்."

அடக்கம் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூலை 9

சாப்பாட்டு மேஜை இன்று சாப்பாட்டுக்கு இல்லை. பேப்பர் விரித்து மெஷினைப் பிரித்துப் போட்டாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முதலில் திட்டத்தான் போனேன். பிறகு நகர முடியவில்லை. சைலன்சரைக் கழற்றிக் காட்டினாள். புகை வெளியேறும் ஓட்டை என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதைப் பெரிதாக்கினாள். தீப்பொறி தெறிக்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பி வலை இருந்தது. அதே மாதிரி வலையைப் பெரிதாக வெட்டி, பழையபடி பொருத்தினாள். "இதைத் தூக்கிப் போட்டா இன்னும் பலம் வரும், வீடும் எரியும்" என்றாள். பிறகு லேபில் பல்லைத் தேய்க்கும் பேனா மாதிரியான குட்டி மெஷினை எடுத்து, சிலிண்டரில் புகை போகிற வழியை அகலப்படுத்தினாள். தேய்ப்பாள், விரலால் தடவுவாள், மறுபடி தேய்ப்பாள். ஓரத்தை மட்டும் அவ்வளவு நேரம் மழமழவென்று உருட்டினாள். ஏன் என்றேன்.

"கூரா விட்டா பிஸ்டன் வளையம் மாட்டிக்கும். பல்செட்டும் அப்படித்தான் அண்ணி, ஓரம் சரியில்லன்னா ஈறு புண்ணாயிடும்."

வளவளவென்று பேசுகிற அதே வாய் தேய்க்கிற நேரத்தில் மூடியே இருந்தது. அந்தக் கையை இத்தனை வருஷம் நான் பார்க்கவே இல்லையே.

ஜூலை 10

அவர் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. காலை மடக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஜூலை 11

போச்சு.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கார்பரேட்டர் திருகைத் திருப்பித் திருப்பி, கணீரென்று ஒரே சுருதியில் பாட வைத்தாள். "கேட்டீங்களா? சுத்தமா பாடுதா? இதான் ஆரோக்கியம்." லேபில் அந்தக் குட்டி மெஷின் உச்சத்தில் பாடினால்தான் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமாம். மரத்தில் வைத்தாள். பொம்மை சர்ரென்று பாதி வரைக்கும் இறங்கியது. நான் கைதட்டினேன், நிஜமாகவே. அடுத்த நிமிஷம் கிறீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுத்தால் வரவே இல்லை.

பல்லு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போனால் இவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். "நான் கத்தினேன், யார் காதுல விழுந்துச்சு? அது பாடக் கூடாது. பாடுனா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். என் பழைய ஸ்கூட்டரும் இப்படித்தான் பாடிக்கிட்டே செத்துச்சு."

புகை போகிற வழியை அகலமாகத் திறந்துவிட்டால் உள்ளே காற்று அதிகமாகப் போகிறது. பெட்ரோல் அதே அளவு. அதில் கலந்திருக்கிற ஆயிலும் அதே அளவு. காய்ந்துபோய்ப் பிஸ்டன் உரசிவிட்டது. எனக்கே புரிகிறது.

"அப்போ எப்படிண்ணா கேக்கணும்?" என்றாள் பல்லு, அறை வாசலில் நின்றபடி.

"சும்மா ஓடுறப்ப வாய் கொப்பளிக்கிற மாதிரி. மரத்துல வச்சாதான் குரல் தெளியணும்."

"வாய் கொப்பளிக்கிறதா," என்றாள். "அதை நீ எனக்குச் சொல்ற."

இருவரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 13

பிஸ்டனில் கோடுகள் மட்டும்தான், ஆழமில்லை. லேபில் செயற்கைப் பல்லை மெருகேற்றும் தாளால் தேய்த்தே எடுத்துவிட்டாள். வளையம் மட்டும் புதிது. இவர் படுக்கையிலிருந்தே மேஸ்திரி வேலை பார்க்கிறார். இரண்டு நாளாக வீட்டில் எனக்குத்தான் வேலை இல்லை.

ஜூலை 14

படுக்கையிலிருந்து சரியாகக் கேட்கவில்லை என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் தானே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"திருகை இன்னும் கொஞ்சம் தொற. கொஞ்சம். போதும், அவ்வளவுதான்."

களகளவென்று கொப்பளித்தது. கேட்கவே அசிங்கமான சத்தம். மரத்தில் வைத்ததும் குரல் தெளிந்தது. பல்லு, கண்ணாடியும் காதடைப்பானும் என் பழைய மழை பூட்ஸுமாக நின்று அறுத்தாள். வேகமாக அழுத்தவில்லை, மெஷினை அதன் போக்கில் விட்டாள். இடையிடையே ஆற விட்டு, மதியத்துக்குள் துண்டு துண்டாக்கி, உருட்டி ஓரம் தள்ளியாயிற்று. அந்தப் பொம்மைதான் இதைச் செய்தது என்றால் யார் நம்புவார்கள்?

அவளிடம் சொன்னேன், "உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை" என்று. "தெரியும் அண்ணி" என்றாள்.

ஜூலை 15

வேன் வந்தது. போனார்.

ஆனால் சண்டை. நடைபாதையில் பாதி வழியில், ஓரமாக, ஒரு மரத்துண்டை மட்டும் பல்லு விட்டுவைத்திருக்கிறாள். மேலே தேய்த்து மழமழப்பாக்கி வேறு வைத்திருக்கிறாள். வாக்கர் இடிக்காதா? "அது அங்கதான் இருக்கும்" என்கிறாள். புகழ்ந்த வாய்க்கு இது வேண்டும்.

ஜூலை 19

பல்லு ஊருக்குப் போய்விட்டாள். ஸ்பானரை எங்கே வைத்தாள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வீடு இவ்வளவு அமைதியாகவா இருந்தது முன்பு?

ஆகஸ்ட் 2

மரம் வெட்டுகிறவர் போன் செய்தார், நாளைக்கு வரட்டுமா என்று. வேண்டாம், எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன்.

காலையில் இவர் கைத்தடியோடு தனியாகப் படியிறங்கினார். பாதி வழியில் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. நான் ஓடுவதற்குள் அந்த மரத்துண்டில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மடங்கியிருந்தது, நன்றாகவே. பல்லு அவர் காலுக்கு அளந்து வெட்டின உயரம். குனிந்து தானே முடிச்சுப் போட்டார், தானே எழுந்தார்.

கேட்டில் வேன் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.