நான்கு சிலிண்டரும் நலம்

உத்திரமேரூர்
12.3.1998

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க சுந்தரவரதர் அருள்வார். நம் அம்பாசிடரும் நலம். அதைச் சொல்லத்தான் இத்தனை கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வேதகிரி தானாக வீட்டுக்கு வந்து, வண்டியில் இழுவை குறைந்துவிட்டது, கம்ப்ரஷன் பார்த்துவிடலாம் என்றான். கூப்பிட்டாலே வராதவன், எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பிடித்தான், நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்தேன். பானெட் மறைத்ததால் முள் எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நாலும் பூட்ச்சிண்ணா, வந்த வெலைக்குக் குடுத்துடு" என்றான். இறங்கிப் பார்க்கிறேன், பழக்கதோஷத்தில் மட்கார்டின் மேல் சாக்பீஸால் உண்மையை எழுதி வைத்திருக்கிறான்: 115, 110, 115, 112. இருபத்து நாலு வருஷ வண்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புது வண்டியைவிடக் குறைவுதான், ஆனால் நான்கும் ஒட்டி நிற்கிறதே! ஒன்று மட்டும் எழுபதுக்கு இறங்கினால் அல்லவா வால்வோ ரிங்கோ போனதென்று பயப்பட வேண்டும்? முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவனிடமா இந்தக் கதை? விடாமல், சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். ரிங் தேய்ந்திருந்தால் அளவு எகிறும். ஐந்தாறுதான் ஏறியது.

சட்டையைப் பிடித்தேன். "பாப்பாதாண்ணா போன் பண்ணி இப்டி சொல்லச் சொல்லிச்சி. பொங்கலுக்கு வந்தப்போ எதுத்தாப்ல டிராக்டர் வந்துகினு கீது, நீ பாக்கவே இல்லியாம்" என்று அழாத குறையாகச் சொன்னான்.

ஏண்டி, என் கண் மங்கியதற்கு என் வண்டி மேலா பழி போடுவாய்? அன்று பக்கத்தில் உட்கார்ந்துதானே வந்தாய், வாயைத் திறந்து சொல்வதற்கென்ன? நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சாவியைக் கொடுத்திருப்பேன். அந்த டிராக்டரை நான் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் சவாரி எடுப்பதில்லை, உன் அம்மாவிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

நேற்று செங்கல்பட்டு போய்க் கண்ணைக் காட்டினேன். பஸ்ஸில்தான் போனேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறதாம், இருபத்தாறாம் தேதி முதல் கண்ணுக்கு ஆபரேஷன்.

நீ நூறு வயது நன்றாயிரு. வேளைக்குச் சாப்பிடு. இருபத்தாறாம் தேதி சாயங்காலம் மறக்காமல் போன் செய். மெக்கானிக்குக்கு இல்லை, எனக்கு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் நைனா,
வேதாசலம்