அந்த வண்டி எனக்காக நிற்கவில்லை

கில்தாரா,
மார்ச் 1919

அன்பு மகள் டீலியாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உன் உடம்பையும் கடவுள் அப்படியே வைத்திருக்கட்டும். எனக்கு முகம்தான் சரியில்லை, வெளியே காட்ட முடியவில்லை. நீ பாஸ்டனிலிருந்து அனுப்பிய இரண்டு கப்பல் டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. அன்றைக்கே அம்மா மாடியிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து நடையில் வைத்துவிட்டாள். அவளுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் தவக்காலம் என்று பால் இல்லாத கறுப்புத் தேநீரையே குடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. தேர்தலில் தோற்றதற்கா அப்பா இப்படி வாயடைத்துக் கிடக்கிறார் என்று கேட்டிருந்தாயே, இல்லையம்மா. பதினெட்டு வருஷம் லண்டன் பாராளுமன்றத்தில் இந்த ஊர்க்காரர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன், ஜமீன்தாரிடமிருந்து நிலத்தை வாங்கிக் கொடுத்தோம், கிழவர்களுக்குப் பென்ஷன் வந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டு, ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறையில் இருந்த ஈமன் ஃபோர்டுக்கு ஊரே ஓட்டுப் போட்டது. போகட்டும், அதைத் தின்று செரித்துவிட்டேன். வெட்கம் அதற்குப் பிறகு வந்தது.

போன வாரம் பல் பிடுங்க டப்ளின் போய்விட்டு மாலை ரயிலில் திரும்பினேன், ஒரு கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. ரயில் நம் ஸ்டேஷனில் நின்றதும் பேண்டு முழங்கிற்று, வரவேற்புக்கு ஏற்றிய தார்ப் பீப்பாய்கள் கொழுந்துவிட்டு எரிந்தன, குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி ஒன்று வாசலில் நின்றது. உனக்குத்தான் தெரியுமே, நான் ஜெயித்துத் திரும்பும்போதெல்லாம் குதிரையை அவிழ்த்துவிட்டு இந்த ஊர்ப் பையன்களே என்னைச் சதுக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். பாழாய்ப்போன பழக்கம், நான் எதையும் யோசிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினேன், நாலு பக்கமும் தலையாட்டினேன், ஒரு காலைத் தூக்கி வண்டிப் படியில் வைத்துவிட்டேன். பேண்டு நின்றுபோயிற்று. கொல்லன் டார்பி என் முழங்கையைத் தொட்டு, "ஐயா, இது உங்களுக்கு இல்லைங்க" என்று மெதுவாகச் சொன்னான். விடுதலையாகி வந்த ஃபோர்டு பின்பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஏறி உக்காருங்க ஐயா, பிரான்சுக்கே இழுத்துட்டுப் போறோம்! எங்க ஆளுங்களை நீங்கதானே அங்க சண்டைக்கு அனுப்பினீங்க" என்று கத்தினான். ஊரே சிரித்தது. ஃபோர்டு மட்டும் சிரிக்கவில்லை, என் பையை எடுத்துக் கொடுத்து வழிவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "பல்லைப் பிடுங்கினவர் புத்தியையும் சேர்த்துப் பிடுங்கிட்டாரா? தொப்பியை எதுக்குங்க கழட்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள். உன்னிடமே வந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன், டீலியா. பெட்டியில் துணிகூட அடுக்கியாயிற்று.

நேற்று ஹனோரா லாலி வந்தாள், சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்து வீட்டு விதவை. முன்பெல்லாம் உதவி கேட்டு முன்வாசலில் வந்து நின்றவர்கள் இப்போது யார் கண்ணிலும் படாமல் பின்வாசலில் வருகிறார்கள், அவளும் அப்படித்தான் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "முதல்லயே சொல்லிடறேங்க, நான் உங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன், அன்னைக்குத் தார்ப் பீப்பாயைக் கொளுத்தினதும் நான்தான்" என்றாள். "ஆனா புதுசா ஜெயிச்சவரு லண்டன் பாராளுமன்றத்துக்கே போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. அங்க யாரைக் கேக்கணும்னு தெரிஞ்ச ஆளு ஊர்ல நீங்க ஒருத்தருதான். என் பையன் மார்ட்டினைப் பிரான்சுல எங்க புதைச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். மார்ட்டினை உனக்கு நினைவிருக்கும், என் வண்டியை இழுப்பதில் எப்போதும் முன்னால் நிற்பான். யுத்தம் வந்தபோது அதே வண்டி மேல் நின்றுதான், போய் வாருங்கள் பையன்களா, நீங்கள் திரும்பும்போது நம் நாட்டுக்குச் சொந்த ஆட்சி காத்திருக்கும் என்று பேசினேன். ஆட்சியும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவள் கண்ணெதிரேயே லண்டன் யுத்த இலாகாவுக்கு எழுதினேன். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். போகும்போது நடையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பயணமா என்று கேட்டாள். மகளிடம் போகிறோம், இந்த ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்றேன்.  "நீங்க என் பையனைக் கேட்டு வந்தப்போ நான் எங்கேயும் ஓடலையே ஐயா, நின்னுதானே கொடுத்தேன்" என்றாள். சால்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ராத்திரியே பெட்டியை மாடியில் ஏற்றிவிட்டேன். அம்மா எதிரே நின்று பார்த்தாள், மறுபக்கப் பிடியை அவளே பிடித்துக்கொண்டாள். அதனால் எங்களை எதிர்பார்க்காதே, டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகப் போகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அங்குள்ள மடத்துச் சகோதரிகளைக் கேட்டதாகச் சொல், ஈரக் காலோடு வேலைக்குப் போகாதே, கம்பளிக் காலுறையை மறந்துவிடாதே. அங்கே நம் ஊர்க்காரர்கள் கூடுகிற இடத்தில் நீ யார் மகள் என்று கேட்டால், முன்போலப் பெருமையாகச் சொல்ல வேண்டாம், கேட்டவர் லாலி வீட்டு உறவாக இருந்தால் எழுந்து நின்று சொல். மாதாவின் கருணை உன் மேல் இருக்கட்டும்.

லண்டனிலிருந்து பதில் வருகிறவரை இங்கேயே இருக்கப்போகிற
உன் அப்பா,
மலாக்கி