மண் தரையில் வைத்த மரம்

மார்ச் 11, செவ்வாய்

மெத்தைத் தொழிற்சாலையின் பழைய கொட்டகைக்குச் சாவி கிடைத்துவிட்டது. டிசம்பர் வரை நமக்கு. அதற்குள் கொட்டகை உருப்படியாகப் பயன்படுகிறது என்று நகராட்சிக்குக் காட்டினால் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் வண்டி நிறுத்துமிடம்.

நோல்பெர்த்தோ உள்ளே போய்க் குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தார். மண். இயந்திரங்களைப் பெயர்த்தவர்கள் சிமெண்ட் தரையையும் உடைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"தரையையே தூக்கிட்டுப் போயிருக்கானுங்க, இர்மா. நம்ம தொழிலுக்கு நம்மளவிடக் கெட்டிக்காரனுங்க."

இடித்த வீட்டுப் பொருளைச் சேர்த்து மறுபடி வீடுகளுக்குக் கொடுக்கும் எங்கள் கடையில் ஆறு வருடமாக அவர் தச்சு வேலை, நான் வாசலில் வரவு எழுதும் வேலை. இப்போதுள்ள கடையில் ஜன்னல்மேல் ஜன்னலாக அடுக்கியிருக்கிறோம். போன வாரம் மட்டும் மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் சுமந்து வந்த கதவும் பலகையும் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே பள்ளத்துக்குள். பள்ளத்தில் கிடப்பது கோடையில், இங்கே ஜனவரியில், எரியும். இரண்டு வருடம் முன்பு மேல் தெரு அப்படித்தான் போனது. எங்கள் குன்றில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பள்ளம்தான் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 29, சனி

கீழே சமதளத்தில் ஒலவாரியா வீட்டை இடிக்கிறார்கள். நூற்றுப் பத்து வருட வீடு. மரம் முழுவதும் ஒரிகன் பைன், அந்தக் காலத்து அமெரிக்க மரம். ஒப்பந்தக்காரர், இரண்டு நாளில் எடுத்துக்கொண்டால் நமக்கு, இல்லையென்றால் குப்பைக் கிடங்குக்கு என்றார்.

முப்பது பேர் வந்தார்கள். கடைக்கு நூற்று அறுபத்திரண்டு படி ஏற்றம். தோளில்தான். இருநூற்றுப் பதினாறு பலகை, நாற்பது உத்தரம்.

எந்த மரம் வந்தாலும் நோல்பெர்த்தோ விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். இன்று தட்டவில்லை. இந்தக் குன்றில் யாருமே ஒரிகனைத் தட்டிப் பார்ப்பதில்லை. புதுப் பைனைத்தான் கறையான் தின்னும். ஒரிகன் கசப்பு, கடித்தால் பல் உடையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம்.

ஒவ்வொன்றின் முதுகிலும் தச்சுப் பென்சிலால் நான் எழுதினேன்: ஒலவாரியா. எந்த வீட்டு மரமோ அந்த வீட்டின் பெயர். கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். இடிந்த வீட்டுக்காரர் எப்போதாவது வந்து, தன் வீட்டுக் கதவு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டுமல்லவா? கேட்கவும் கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 5, சனி

பிரேசியா இன்றும் வந்தாள். மேல் தெருத் தீயில் வீட்டை இழந்தவள். தகரச் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டாள், தரை இல்லை. அவள் அப்பாவின் நாற்காலிச் சக்கரம் மண்ணில் ஓடவில்லை. கடையில் பொருள் வேண்டுமென்றால் அரை நாள் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் ஒலவாரியா பலகையில் ஆணி பிடுங்குகிறாள். ஆறு சனிக்கிழமைக்கு ஒரு தரை.

"இர்மாக்கா, இந்த ஆணி அடிச்சவன் மட்டும் என் கையில கிடைக்கணும்," என்றாள். ஒரு பலகைக்குப் பத்தொன்பது ஆணி. நோல்பெர்த்தோ, அவன் செத்து எண்பது வருடம் ஆகிறது, பிழைத்தான் என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொட்டகைக்குச் சிமெண்ட் தரை போடும் நாள். லாரி மேலே ஏறாது. படி நெடுக வரிசையாக நின்று வாளி மாற்ற வேண்டும். நாற்பது பேருக்குப் பூசணியும் நூடுல்ஸும் போட்டு பீன்ஸ் வேகவைத்தோம். ஏழு மணிக்கு மழை பிடித்தது. பீன்ஸைத் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மே 4, ஞாயிறு

மழை.

மே 6, செவ்வாய்

நகராட்சியிலிருந்து 15ஆம் தேதி பார்க்க வருகிறார்களாம். தொலைபேசியில் பேசியவர், காலிக் கொட்டகையைப் படம் எடுத்துப் போனால் மேலே என்ன சொல்வார்கள் என்று நமக்கே தெரியும் என்றார். மிரட்டவில்லை. உதவியாகத்தான் சொன்னார்.

நோல்பெர்த்தோ, பழைய கடையில் மரம் சிமெண்ட் தரைமேல் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும், தரை காயும்வரை பொறு என்றார். ஈரத்தில் பலகை வளைந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. இல்லையென்றால் கொட்டகையில் செங்கல் வைத்து அடுக்கலாமே என்றார். இருநூறு பலகைக்குச் செங்கல் எங்கே போவது? இருந்ததையெல்லாம் போன மாதம் மேல் தெருவுக்குக் கொடுத்துவிட்டோம்.

"ரெண்டு வாரம்தானே மண்ணுல கிடக்கப்போகுது. அப்புறம் வெளியே எடுத்துத் தரை போட்டுடலாம்," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். "ஒரிகன்தானே. கிடக்கட்டும்."

மே 15, வியாழன்

வந்தார்கள். இரண்டு பேர். கொட்டகை கூரை முட்ட நிறைந்திருந்தது. பலகையை வருடிப் பார்த்தார்கள், இந்தக் காலத்தில் இப்படி மரம் ஏது என்றார்கள். வாசல் கரும்பலகையில் எழுதியிருப்பதையும் படம் எடுத்தார்கள்: பள்ளத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் போகாமல் நின்றது — 61 டன்.

நீட்டிப்பு கிட்டத்தட்ட உறுதி. எனக்குச் சந்தோஷம். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

பிரேசியா வீட்டுத் தரை முடிந்தது. நோல்பெர்த்தோவே போட்டார். வீட்டின் முன்பாதி சரிவில் நட்ட தூண்கள்மேல் நிற்கிறது, பின்பாதி சரிவு மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் அப்பா நாற்காலியை ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை உருட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பிறகு ரொட்டியும் தேநீரும்.

கொட்டகைத் தரை இன்னும் போடவில்லை. ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்று.

ஆகஸ்ட் 9, சனி

இன்றோடு பதினோரு வீட்டுக்கு ஒலவாரியா மரம் போயிருக்கிறது. கொட்டகைத் தரை குளிர்காலம் முடிந்ததும்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் கொட்டகை ஜன்னல் விளிம்பில் சின்னச் சின்னச் சிறகுகள். ஒரு கைப்பிடி இருக்கும். முதலில் வெங்காயத் தோல் என்று நினைத்தேன், பிறகுதான் ஈசல் சிறகு என்று தெரிந்தது. நேற்றுதான் மழைக்குப்பின் வெயில் அடித்தது.

நோல்பெர்த்தோவைக் கூப்பிட்டேன். அவர் அடி வரிசைப் பலகையைத் தட்டினார். அடுத்ததை. அதற்கு அடுத்ததை. மூன்றாவதில் விரல் முட்டி உள்ளே போய்விட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

பூச்சிக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். மண்டி போட்டு அரை மணி நேரம் பார்த்தாள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் தடிமனில் மண் குழாய்கள். உடைத்தால் உள்ளே வெள்ளையாக ஓடுகின்றன.

ஒரிகனைத் தின்னாது என்றுதானே சொல்வார்கள் என்றேன். நடுவிலிருக்கும் கெட்டி மரத்தைக் கடைசியில் தின்னும், அவ்வளவுதான் என்றாள். இந்தக் கறையான் ஒலவாரியா வீட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும், அந்தத் தெரு முழுக்க இருக்கிறது என்றாள். பிறகு அவளாகவே, ரொம்ப சாதாரணமாக:

"ஒசரத்துல, காஞ்ச இடத்துல வச்சிருந்தா தானா செத்திருக்கும்மா. இதுங்களுக்கு மண் ஈரம் வேணும். மண்ணுல வச்சதுதான் தப்பாப் போச்சு."

அவளுக்குத் தெரியாது, யாரிடம் சொல்கிறாள் என்று. நோல்பெர்த்தோ என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தார். பார்த்திருக்கலாம்.

ரெண்டு வாரம்தானேன்னு சொன்னது யாரு? நான். நான்தானே சொன்னேன். அஞ்சு மாசம் ஆச்சே, ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கலயா உனக்கு?

அக்டோபர் 18, சனி

குன்றில் எந்த மரத்தையும் துறை அனுமதியில்லாமல் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு ஒட்டிவிட்டார்கள். துறைப் பெண் எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று கேட்டாள். பொதுவாக இது யாருக்கும் தெரியாது, அதனால்தான் பரவுகிறது என்றாள். எனக்குத் தெரியும். பதினோரு பெயரும் சொன்னேன். பலகையைத் திருப்பினால் முதுகில் எழுதியிருக்கும் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

ஏழு வீட்டில் ஒன்றும் இல்லை. மாடியிலும் கூரையிலும் போட்டவர்கள். அங்கே காய்ந்து செத்துவிட்டன. நான்கில் இருக்கிறது. பிரேசியா வீட்டில்தான் அதிகம். பின்பாதி.

பலகையைப் பெயர்த்தது நோல்பெர்த்தோ. அவர் போட்ட தரை. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தபோது என் எழுத்து மேலே வந்தது. ஒலவாரியா, ஒலவாரியா, ஒலவாரியா. சுவர்ச் சட்டத்திலும் ஏறத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சட்டம் புதுப் பைன்.

பிரேசியா அடுப்புப் பக்கம் நின்றாள். நடந்ததை நானே சொன்னேன். சிமெண்ட் போடும்வரை காத்திருந்திருக்க வேண்டும், நான் காத்திருக்கவில்லை, நகராட்சிக்குக் காட்டுவதற்காக மண்ணில் அடுக்கினேன் என்று. சுற்றி வளைக்கவில்லை.

"தீ வந்தப்போ யாரையும் திட்ட முடியல," என்றாள். "இப்ப முடியும். ஆனா திட்ட வரல."

அவள் அப்பா முன்பாதியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்பாதியில்தான் கழிப்பறை.

நவம்பர் 5, புதன்

கொட்டகையைக் காலி செய்தோம். துறை மருந்தடித்து, பிளாஸ்டிக் சுற்றி, முத்திரை வைத்தது. அதே முப்பது பேரைக் கூப்பிட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். நூற்று அறுபத்திரண்டு படி, கீழ்நோக்கி.

குப்பைக் கிடங்கு வாசலில் எடை போட்டார்கள். ஒன்பது டன் நானூறு கிலோ. பணியாள் எந்தக் குன்று என்று கேட்டார். சொன்னேன். உங்க குன்றிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு வந்ததே இல்லை என்றார். பாராட்டுப் போலச் சொன்னார்.

திரும்பி வந்து கரும்பலகையின் முன் நின்றோம். "கழிச்சு எழுது," என்றார் நோல்பெர்த்தோ. கழித்தேன். பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். அவர் தடுக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

கொட்டகை டிசம்பரோடு போகாது, ஆறு மாதம் தருகிறோம் என்று கடிதம். மரம் கூடாது. இரும்பு, ஓடு, கண்ணாடி, கழுவுதொட்டி மட்டும். தரை போட்டிருக்க வேண்டும். நியாயமான கடிதம்.

நவம்பர் 23, ஞாயிறு

பள்ளத்தின் விளிம்பில் நடந்தேன். புதிதாக ஏழெட்டுக் கதவு, நிறையப் பலகை. ஒரு கதவு நிமிர்ந்து கிடந்தது. இறங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என் பென்சில்: புபெரோ. நான்கு வருடம் முன்பு பழைய கடையிலிருந்து போன கதவு. மண்ணைத் தொட்டதே இல்லை. நோல்பெர்த்தோவைக் கூப்பிட்டேன், வந்து தட்டினார். மணி மாதிரி ஒலித்தது.

ஜனங்கள் பயந்துவிட்டார்கள். நம் கடையிலிருந்து போனது எதுவும் வீட்டில் வேண்டாம் என்று. அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்?

மேலே எடுத்து வரவும் முடியாது. மரத்தை நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. அங்கேயே கிடக்கும். ஜனவரி வருகிறது.

துறைக்குக் கடிதம் எழுதினேன். பள்ளத்தில் கிடக்கும் ஒவ்வொன்றையும் எண்ணி, வீட்டுப் பெயரோடு. கோடைக்குமுன் எடுக்க ஆள் அனுப்புங்கள் என்று. நாளை கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

கொட்டகைக்குத் தரை போட்டாயிற்று. பள்ளம் பற்றிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஏழு மணிக்கு ஒன்பது பேர் இருந்தோம். படி வரிசைக்கு இருபத்தைந்து பேராவது வேண்டும். ஒருவருக்கொருவர் பத்துப் படி நடந்து வாளி மாற்றினோம். எட்டரைக்கு எனக்குக் கீழே ஓர் ஆள் வந்து நின்றது தெரிந்தது, ஏனென்றால் வாளி சீக்கிரம் வரத் தொடங்கியது. பிரேசியா. பின்பாதியைப் பெயர்த்த வீட்டில் அவர்கள் இன்னும் முன்பாதியில்தான் இருக்கிறார்கள்.

ஒரு மணிவரை அவள் வாளியைக் கொடுத்தாள், நான் வாங்கினேன். நிழலில் பீன்ஸ் தின்றபோது அவள் நோல்பெர்த்தோ பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் போன பிறகு பழைய கடைக்குள் வந்தாள். அரை நாள் வேலைக்குத் தரை ஓடு கிடைக்குமா என்று கேட்டாள். சிவப்பு ஓடு ஒரு நூறு இருக்கிறது, பள்ளிக்கூடச் சமையலறையில் பெயர்த்தது. காட்டினேன். ஒன்றை எடுத்துச் சுண்டினாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், சரி என்றாள்.

பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்துவிட்டேன். உடனே பைக்குள் போட்டேன்.

"எழுதுங்க," என்றாள். முன்பெல்லாம் இர்மாக்கா என்பாள். "ஒவ்வொண்ணுலயும் எழுதுங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

நூறு ஓடு. அவள் எடுத்துக் கொடுத்தாள், நான் எழுதினேன். கை காய்ந்த சிமெண்ட்டாக இருந்ததால் எழுத்து சரியாக விழவில்லை. விழாத இரண்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைத்தாள்.