மீனா கல்யாணத்து மழை

திருநகர், மதுரை-6
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அப்பா ஜெயபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மீனாட்சி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், மழைதான் சுகமாக இல்லை, நான் பந்தல் போட்ட நாளாகப் பார்த்து வந்து நிற்கிறது. உன் சுகத்தைப் போனில் கேட்டால் "இருக்கேன்ப்பா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். நம் பின்தெரு திவ்யா உன் கிளாஸ்கோவுக்கே படிக்க வருகிறாள், அம்மா அவளிடம் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறாள், அதோடு இதையும் வைக்கிறேன். கடிதம் என்றால் பாதியில் நீ "சரிப்பா, வைக்கிறேன்" என்று சொல்ல முடியாது பார்.

போன வாரம் நீ அம்மாவிடம் பேசியதை எல்லாம் அவள் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே, முனீஸ்வரியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு அது என் காதுக்கு வராது என்று நினைத்தால் நீ இத்தனை வருஷம் இந்த வீட்டில் வளர்ந்ததே வீண். அங்கே தினம் மழையாம், மழை வந்தால் உனக்கு உன் கூட்டாளி முத்திருளன் ஞாபகம் வருகிறதாம், வைகையில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் யானைக்கல் பாலத்துக்கு ஓடியது, ஊர்ச்சனம் அம்புட்டும் பாலத்தில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்தது, நீங்கள் தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்று அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாம் ஞாபகம் வருகிறதாம். "இங்க ஆத்துல எப்பவும் தண்ணி போகுதும்மா, ஒருத்தர்கூட நின்னு பாக்க மாட்டேங்குறாங்க" என்று சொன்னாயாமே. அதைக் கேட்டு முதலில் சிரித்தேன். பிறகு, மழை வந்தால் நீ அறைக்கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறாய், அங்கே யாரோடும் ஒட்டவில்லை என்று சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மழை எனக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். பந்தல்காரனுக்கு மழை பிடித்தால் அவன் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பிளஸ் டூ படித்த காலத்தில், விசேஷ வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நின்றுவிடுவீர்கள். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழுந்தால் இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் கம்பை வைத்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் தண்ணீர் மொத்தமும் மறுபக்கம் ஓடிப் பந்தியில் இருப்பவன் இலையில் கொட்டும். என்னிடம் எத்தனையோ ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள், உங்களைப் போல ஒரே மூச்சில் தூக்கின ஜோடியை நான் பார்த்ததில்லை. முகத்துக்காகச் சொல்லவில்லை, உனக்குத்தான் தெரியுமே, முகத்துக்காகச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்படி இருந்தவர்கள் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டீர்கள், அவனுக்கு விசா கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைத்ததை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி டிக்கெட் எடுக்கும்வரை மறைத்துவிட்டாய், அவன் அதை டீக்கடையில் வேறு எவனோ சொல்லிக் கேட்டான். நம் வாசலில் வந்து நின்று "எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் வரலையாடா" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான், உன்னை வழியனுப்பக்கூட வரவில்லை. அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை, வாலிபப் பிள்ளைகள் சண்டை, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை முத்திருளன் தங்கச்சி மீனாவுக்குக் கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை மேலூர்ப் பக்கம், நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். உனக்குப் பத்திரிகை அனுப்பினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. விளாச்சேரியில் வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல், நம்முடைய பந்தல்தான். முதல் நாள் காலையில் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனால் தெருமுனையில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகப் பிளெக்ஸ் கட்டியிருக்கிறது. நம்ம ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கல்யாணத்துக்குத் தாலி இல்லாமல்கூட இருக்கலாம், கூட்டாளிகள் படம் போட்ட பிளெக்ஸ் இல்லாமல் இருக்கக்கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு உன் முகத்தைத் தேடினேன். கூலிங்கிளாஸ் போட்டவன், போனைக் காதில் வைத்தவன், புல்லட்டில் சாய்ந்தவன் என்று வரிசை வரிசையாக நிற்கிறான்கள், போன மாதம் தெருவுக்குக் குடிவந்தவன்கூட இருக்கிறான், நீ இல்லை. அந்த வரிசைகளை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பார்த்தும் நீ இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை அப்படியே திருப்பியிருப்பேன், மீனா முகத்துக்காகத்தான் இறங்கினேன். சின்னப் பிள்ளையில் உன்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்த பிள்ளை, அவள் என்ன செய்வாள்.

அன்று முழுக்க வேலை பார்த்தேன், அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முத்திருளன் அம்மா செல்லக்கிளி டீயைக் கொண்டு வந்து நீட்டி, "என்னண்ணே, எங்க வீட்ல கை நனைக்க மாட்டேங்குறீங்க" என்று கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். முத்திருளன் இரண்டு தடவை பக்கத்தில் வந்தான், நான் கயிற்றை முடிச்சுப் போடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நாளைக்கு நீ மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வா, என் மகனைக் கூட்டாளி இல்லை என்று தெருமுனையில் எழுதிக் கட்டிய வீட்டில் நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் பாட்டுக்குப் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள். 

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட மட்டும் போனேன். தெருமுனையில் இறங்கியவள் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள், பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "ஏங்க, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க, கூட்டாளி வரிசையில என்னத்தத் தேடுனீங்க, மேல பாருங்க" என்றாள். மேலே பொண்ணு மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில், பொண்ணு வீட்டுச் சொந்தங்களைப் போடுகிற இடத்தில் இரண்டு பேர் கோட்டு சூட்டு டையோடு நிற்கிறார்கள். கோட்டைப் பார்த்து யாரோ ஆபீசர்கள் என்று நினைத்து முதல் நாள் நான் அந்த முகங்களை உற்றுப் பார்க்கவே இல்லை. ஒருத்தன் முத்திருளன், இன்னொருத்தன் நீ. கீழே "அண்ணன்மார்" என்று போட்டு, உன் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்சி., லண்டன் என்று போட்டிருக்கிறது. நீ இருப்பது லண்டன் இல்லை என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை, கிளாஸ்கோ என்று போட்டால் விளாச்சேரியில் எவனுக்கு விளங்கும்.

பெற்ற பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லையே என்று சிரிக்காதே, கேள். பேச்சுவார்த்தை இல்லாததால் உன்னிடம் புதுப் படம் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை, கையில் இருந்த படத்தைக் கொடுத்திருக்கிறான், யானைக்கல் பாலத்தில் நீங்கள் மழையில் நனைந்துகொண்டு எடுத்தது. பிளெக்ஸ் கடைக்காரன் அந்த இரண்டு தலையையும் வெட்டி அவன் கம்ப்யூட்டரில் இருந்த கோட்டில் ஒட்டிவிட்டான். கோட்டு சும்மா இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக நிற்கிறது, மேலே தலையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. நானும் அம்மாவும் நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தபிறகு எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். நேரே போய்ச் செல்லக்கிளியிடம் இலை போடச் சொல்லி உட்கார்ந்தேன், வயிறு சரியாகிவிட்டதாண்ணே என்று கேட்டு அந்தம்மா வைத்த கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தாலி கட்டி இரண்டாம் பந்தி ஓடும்போது பிடித்தது பார் மழை. மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தகரப் பந்தலாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், துணிப்பந்தல்தான் படத்தில் அழகாக விழும் என்று ஒரே பிடிவாதம். மேலே போர்த்திய தார்ப்பாயில் பந்திக்கு நேர் மேலே தொப்பை விழுந்துவிட்டது. என் ஆட்கள் சமையல்கட்டுப் பக்கம் இருந்தார்கள், நான் கத்துவதற்குள் முத்திருளன் பட்டுச்சட்டையோடு ஓடி வந்து கம்பை எடுத்தான். எடுத்து ஊன்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்து "மாப்ள, ஒன்பக்கம் தூக்குடா" என்று ஒரு சத்தம் போட்டான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவன் கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான், பந்தியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. நான் ஓடிப்போய் எதிர்க்கம்பைப் பிடித்துத் தூக்கினேன். ஆனால் நீ தூக்குகிற மாதிரி எனக்கு வருமா, ஒரு மூச்சுப் பிந்திவிட்டது, பாதித் தண்ணீர் வெளியே போனது, மீதி மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் இறங்கியது. நல்ல மனுஷன், வைகைத் தண்ணியே வீடு தேடி வந்துருச்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டார். நான் தப்பித்தேன்.

பிறகு இரண்டு பேரும் சமையல் அடுப்புப் பக்கம் நின்று ஈரத்தைக் காயவைத்தோம். நான் நேரடியாகவே கேட்டேன், இன்னும் எத்தனை நாளைக்குடா இந்த வீம்பு என்று. ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினான். விசா கிடைக்காதது வருத்தம்தானாம், அது போகட்டுமாம், இப்போது தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான், அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடப் போகிறானாம். "அவனுக்குக் கெடச்சதக் கேட்டு நான் பொறாமப்படுவேன்னு நெனச்சுட்டான்லப்பா, அதுதான் தாங்கல" என்றான். பாண்டி, நீ அவன் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்தாய், எனக்குத் தெரியும், அவனுக்கு அது இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீதான் போன் போட்டுப் பேசேன்டா என்று அவனிடம் சொன்னேன். அதற்கு அவன், "நான் மொதல்ல பேசுனா அன்னைக்குக் கோவப்பட்டதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்லப்பா" என்கிறான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

அதோடு விட்டிருப்பேன். மழை விடுமா விடாதா என்று வானத்தைப் பார்த்து நான் முனகிக்கொண்டிருந்தபோது, "அங்கயும் இன்னைக்கு மழைதான்ப்பா, சாயங்காலந்தான் விடும்" என்று அவன் பாட்டுக்குச் சொன்னான். எங்கேடா என்றேன். வாய் தவறிச் சொல்லிவிட்டவன் மாதிரி முழித்தான், பிறகு போனைக் காட்டினான். வெயில், மழை எல்லாம் காட்டுமே, அதில் மதுரை என்று இருக்கிறது, அதற்குக் கீழே கிளாஸ்கோ என்று இருக்கிறது. நீ போன நாளிலிருந்து வைத்திருக்கிறானாம். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பானாம். ஒரு வருஷமாக உன் ஊர் மழை உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாது, உன்னோடு பேசாத அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு மேல் நான் என்ன எழுத. நீ அங்கே மழையைப் பார்த்து அவனை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாய், அவன் இங்கே உன் மழையைப் பார்த்துக்கொண்டு வாயைச் சாத்தி வைத்திருக்கிறான். மறைத்தவன் நீ, அதனால் முதலில் பேச வேண்டியவனும் நீதான், இதில் அப்பா உன் கட்சி இல்லை. மன்னிப்பு அது இதென்று பெரிய பேச்சு எதுவும் வேண்டாம், அங்கே மழையாடா என்று கேள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான். இன்றைக்கே பேசு, உனக்கு மத்தியானம் என்றால் இங்கே அவன் ஆபீஸ் விட்டு வருகிற நேரம்தான். மீனாவுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லிவிடு. பேசி முடித்தபிறகு உன் வகுப்பில் படிக்கிற பிள்ளைகளோடும் கொஞ்சம் வெளியே போய் வா, அந்த ஆற்றுப் பாலத்துக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைக் காட்டு, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அழகர் துணையிருந்து உன் படிப்பும் உடம்பும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், நீ நினைத்தது கூடிவர வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொல்கிறாள். பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றித்தான் சாப்பிட வேண்டுமாம், அங்கே கிடைக்கிற எண்ணெயை ஊற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடுமாம். இன்னொன்று, நான் பந்தல் பிரித்துக் கிளம்பும்போது முத்திருளன் வண்டி வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொன்னான், அவன் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான், எனக்கு அதெல்லாம் மறைத்துப் பழக்கமில்லை. "அவன் கொடை எடுத்துட்டே போக மாட்டான்ப்பா, நனைஞ்சா சளி புடிக்கும் அவனுக்கு, நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயபாண்டி