ஊதினால் ஓடும் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

நாளை தம்பி வழக்கில் தீர்ப்பு. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டது இது இரண்டாம் தடவை. முதல் தடவை அபராதத்தோடு போயிற்று. வக்கீல் போனில், "அதே மாதிரி நினைச்சுக்காதீங்கம்மா. ரெண்டாவது தடவைன்னா நீதிபதி இவர் மூஞ்சிய பாக்க மாட்டார், பழைய கேஸைத்தான் பாப்பார்" என்றார். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

எட்டு மாதச் சிறை. ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது. எங்கள் வீட்டுக் காரைத் தவிர வேறெதையும் ஓட்டக் கூடாது, அதிலும் மூச்சைச் சோதிக்கும் கருவி பொருத்த வேண்டும். மீறினால் எட்டு மாதமும் உள்ளே.

பொறுப்பாளர் என்று நான் கையெழுத்துப் போட்டேன். கண்காணிப்பு அதிகாரி என் வயதுப் பெண். "தப்பு நடந்தது தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லணும். மறைச்சீங்கன்னா நீங்களும் கூண்டுல நிப்பீங்க." குரலில் கோபமே இல்லை.

படி இறங்கும்போது தம்பி, "இனிமே நீதான்க்கா எனக்கு போலீஸு. சல்யூட் அடிக்கணுமா?" என்று சிரித்தான். வக்கீலும் சிரித்தார்.

மார்ச் 9, திங்கள்

கருவி மாட்டியாயிற்று. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, சுருள் வயர், ஊதக் குழல். ஊதிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் வண்டி கிளம்பும். போகும் வழியிலும் நினைத்த நேரத்தில் கூவும். மறுபடி ஊத வேண்டும். ஊதாவிட்டால் ஹாரன் அலறி ஊரைக் கூட்டிவிடும்.

"அப்ப நானும் ஊதணுமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"யார் ஓட்டினாலும் ஊதித்தான் ஆகணும் மேடம். அதுக்கு ஆளத் தெரியாது, மூச்சுதான் தெரியும்."

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வண்டிக்குப் பால்புட்டி மாட்டின மாதிரி!" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

தம்பி இப்போதெல்லாம் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற வேலை. அவன் உள்ளே போய்ப் பேசிவிட்டு வரும்வரை அம்மா காரில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான். "அவனுக்குப் புத்தி வந்துடுச்சுடி. அம்மா பக்கத்துல இருந்தாதான் தெம்பா இருக்காம்."

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

மார்ச் 26, வியாழன்

கார் முழுக்கப் புதினா மிட்டாய் வாசனை.

ஏப்ரல் 4, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பாதி வழியில் கருவி கூவியது. ஓரம் கட்டலாம் என்று பார்க்கிறேன் - அதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து அம்மாவின் கை நீண்டது. குழலை எடுத்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். மூச்சை நன்றாக இழுத்து, சீராக, நீளமாக ஊதினாள். பச்சை. அதன் இடத்தில் திரும்ப மாட்டினாள்.

"நடுவுல விட்டுட்டா ஏத்துக்காதுடி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"எத்தன நாளாம்மா?"

"அவனுக்கு மூச்சு பத்தல. ஊதி ஊதிப் பாத்தான், சிவப்பாவே வந்துச்சு. புள்ள வேலைக்குப் போக வேணாமா?"

"ஏன் சிவப்பா வருதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரியும். என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

ஏப்ரல் 6, திங்கள்

என் வேலை காப்பீட்டு அலுவலகத்தில், விபத்துக் கோப்புகளைப் படிப்பது. இன்று வந்த ஒரு படத்தில் ஓட்டியவர் பக்கக் கதவு முழுசாக இருந்தது. பக்கத்து இருக்கையே இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

தம்பியிடம் நேற்று கேட்டேன். "இனிமே தொட மாட்டேன்க்கா, சத்தியமா. நீ போய் சொன்னா நான் உள்ள போவேன், அம்மாவும் சேந்து மாட்டுவா. யோசிச்சுக்கோ." கெஞ்சினானா, மிரட்டினானா? இரண்டும் ஒரே குரலில் வந்தன.

கார் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அதிகாரியிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

சொல்லவில்லை. சாவிதான் என்னிடம் இருக்கிறதே. இருந்தால் போதுமா? போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 15, புதன்

சாயங்காலம் வீடு திரும்பினால் கார் இல்லை. அம்மாவின் புதுச் செருப்பும் இல்லை. மாற்றுச் சாவி அம்மா பீரோவில் இருந்ததை எப்படி மறந்தேன்? முட்டாள், முட்டாள்.

போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். உற்சாகமான குரல். "பாலத்துக்கிட்ட போயிட்டிருக்கோம்டி. தம்பி பாட்டு போட்டிருக்கான்." பின்னால் தம்பி சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அதற்கு நடுவே கருவி கூவியது.

"இரு, ஊதிட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா.

அந்த மூச்சு முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு இணைப்பைத் துண்டித்து, அதிகாரியைக் கூப்பிட்டு வண்டி எண்ணைச் சொன்னேன். அலுவலகத்தில் பேசுகிற குரலில் சொன்னேன்.

ஏப்ரல் 16, வியாழன்

பாலம் தாண்டி நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. அவன் மூச்சில் மதுவின் அளவு வரம்பைப் போல மூன்று மடங்காம். போலீஸார் இறங்கச் சொன்னபோதும் அம்மா குழலை விடவில்லையாம்.

"என் புள்ளயக் காட்டிக் குடுத்தது யாருடி?"

"நான்தான்மா."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 12, செவ்வாய்

எட்டு மாதமும் உள்ளே. பழைய வழக்கின் கணக்கு அது. புது வழக்கு தனியாக இருக்கிறது. அம்மாவை வயதைப் பார்த்து எச்சரித்து விட்டார்கள். தாமதமாகச் சொன்னதற்கு எனக்கும் நல்ல திட்டு. தம்பி என்னைப் பார்க்கவில்லை. "கண்ணுக்கு மருந்த ஒழுங்கா போடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 6, சனி

மறுபடி கண் டாக்டர். புது வழக்கு முடியும்வரை கருவியைக் கழற்றக் கூடாதாம். அம்மா இப்போது பின் இருக்கையில்தான் உட்காருகிறாள்.

பாதி வழியில் கூவியது. ஓரம் கட்டிக் குழலை எடுத்தேன். ஊத ஆரம்பிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், கன்னம் உப்ப.

"பச்சை வந்துடுச்சா?" என்றாள்.

வந்துவிட்டது என்றேன். அதற்கப்புறம்தான் அவள் மூச்சை விட்டாள்.