சுனையில் கழுவிய சைக்கிள்கள்

மாசி, வெள்ளிக்கிழமை.

நாங்கள் குடிக்கும் சுனையில் இன்று சைக்கிள் கழுவினார்கள். செருப்புக் காலோடு எங்களில் யாரும் அதன் கரை ஏறியதில்லை. பெங்களூரிலிருந்து தடித்த டயர் சைக்கிளில் வத்தல்மலைக் காட்டுப்பாதை வழியாக வந்த நான்கு பேர், செயினில் இருந்த எண்ணெய்ச் சேற்றை அதற்குள்ளேயே அலசினார்கள்.

"இது குடிக்கிற தண்ணிங்க" என்றேன்.

"சாரி தாத்தா. சைக்கிள் கழுவுற இடம்னு மேப்ல போட்டிருக்கே" என்றான் அவர்களில் ஒருவன்.

யார் போட்டது என்று கேட்டேன். மேட்டில் டீக்கடை வைத்திருக்கும் என் மகனைக் கை காட்டினான்.

"சைக்கிள் நின்னாத்தானேப்பா டீ போவும்? நாளைக்குத் தெளிஞ்சிடும், வுடுங்க" என்றான் மகன்.

"அப்ப இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிடா, பாக்கலாம்."

குடிக்கவில்லை.

விடிந்ததும் ஊரார் சுனையை இறைக்க வேண்டும். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர், இனி சைக்கிள் வராதபடி பாதையில் முள் வெட்டிப் போட வேண்டும். மகன் மேப்பில் அந்தக் குறியை அழிக்க வேண்டும். சுனை ஊறித் தெளியும்வரை, கீழ்க்காட்டுக் கிணற்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவன்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். என் குடத்தை அவன் தொடக்கூடாது. அதை நானே சுமப்பேன்.